மொட்டை மாடிக்கு ஒரு பாஸ்

கார்த்திகை பிறந்துவிட்டால் சோமசேகரன் பீரோவைத் திறந்து ரப்பர் ஸ்டாம்ப்பை வெளியே எடுத்துவிடுவார். வாழ்நாளெல்லாம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். அண்ணன் தம்பிகள் எல்லாம் அண்ணாமலையார் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்ய, இவர் ஒருத்தர்தான் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர். உத்தியோகம் விட்டாலும் கை விடவில்லை. மஞ்சள் அட்டையைச் சீராக நறுக்கி, 'சோமசேகரன் இல்லம், மலைக் காட்சி, ஒருவருக்கு மட்டும்' என்று கம்ப்யூட்டரில் அச்சடித்ததுபோல் அத்தனை அழகாகத் தன் கையால் எழுதி, கீழே முத்திரை வைத்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் அது பாஸ். அந்தப் பாஸ் இல்லாமல் தீபத்தன்று அவர் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு காக்காய்கூட ஏற முடியாது.

பாஸ் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வடக்கு மாடவீதியிலிருந்து பிரியும் சின்னத் தெருவில் அவர் வீடு. மாடியில் நின்றால் மலைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. ஒரு வருஷம் கணக்கில்லாமல் கூட்டம் ஏறி, யாரோ தண்ணீர்க் குழாய்மேல் நின்று அது உடைந்து, கைப்பிடிச் சுவரிலும் விரிசல் விட்டுவிட்டது. அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. அதில் யாருக்கும் குறை இல்லை. யாருக்குப் பாஸ் என்பதை அவர் ஒருத்தரே முடிவு பண்ணுவார் என்பதில்தான் குறை. அந்தக் குறையை வாய்விட்டுச் சொன்னவர்கள் அந்த வீட்டில் அதுவரை இல்லை.

கூட வேலை பார்த்தவர், அவருடைய சம்பந்தி, பல் டாக்டர், காஞ்சிபுரத்தில் என்றைக்கோ ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என்று எல்லோருக்கும் பாஸ் போகும். வருகிறவர்கள் முந்தின நாளே வந்து இறங்குவார்கள். சோமசேகரனின் மனைவி பாகம்பிரியாளும் மருமகள் ஹைமவதியும் பரணிலிருந்து அண்டாக்களை இறக்கிச் சமைக்க ஆரம்பித்தால் தீபம் முடிந்து மறுநாள்தான் நிமிர்வார்கள். ஹைமவதியும் அவள் புருஷன் அருணேஷும் படுக்கிற அறை, காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் போய்விடும். கல்யாணமாகி வந்த முதல் தீபத்துக்கே புதுத் தம்பதிக்கு அரிசி மூட்டை அறையில்தான் படுக்கை. "பொன்னி பச்சரிசி வாசனையோட யாருக்குடி தலைதீபம் கிடைக்கும்," என்று அருணேஷ் சமாதானம் சொன்னான். அவளும் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் வந்த தீபங்களிலும் அதே மூட்டைகள்தான். சிரிப்புதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

இந்த வருஷம் ஸ்டாம்ப் வெளியே வந்த அன்று காலையில்தான் ஹைமவதியின் அப்பா போன் செய்தார்.

இராமலிங்கம் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சிவன் கோயிலில் குருக்கள். அவர் விளக்கேற்றினால்தான் அந்த ஊர் விளக்கேற்றும். தீபத்தன்று சாயங்காலம் கோயில் படியில் நின்றுகொண்டு தூரத்தில் கறுப்பாகத் தெரிகிற மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்ததும் சட்டென்று திரும்பிக் கோயில் விளக்கை ஏற்ற உள்ளே போய்விடுவார். அதனால் பிறந்ததிலிருந்து அண்ணாமலைக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும், அவர் தீபத்தைப் பார்த்தது என்பது ஒவ்வொரு வருஷமும் கண்ணிமைக்கிற நேரம்தான். இந்த வருஷம் கோயிலில் திருப்பணி. பாலாலயம் செய்து சாமியைச் சின்னக் கொட்டகைக்கு மாற்றியாயிற்று. கும்பாபிஷேகம் தை மாசம். இந்த ஒரு தீபத்துக்கு மட்டும் அவருக்கு வேலை இல்லை. அடுத்த வருஷம் பழையபடி படியில் நிற்க வேண்டியதுதான்.

"உங்க மாமனார்கிட்ட ஒரு பாஸ் கேட்டுப் பாக்கறியாம்மா?" என்றார். "ஜாஸ்தி தொந்தரவுனா வேணாம். ஏற்கெனவே நிறைய பேருக்குக் குடுத்திருப்பார்."

பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாடி ஏற ஒரு மனுஷர் பாஸ் கேட்கிறார். அதையும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். ஹைமவதிக்கு அந்தத் தயக்கம்தான் காலேஜ் போகும் வழியெல்லாம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஊரிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வாரம் பாடம், அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை வெறுக்க ஆரம்பித்த கதை. ஹைமவதி பாடம் நடத்தினால் பின் பெஞ்சுகூடத் தூங்காது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் முடிந்து இங்கிலாந்தின் கஜானா காலியானதையும், உங்களைக் காப்பாற்றத்தானே சண்டை போட்டோம் என்று குடியேற்றங்களின் தலையில் வரி போட்டதையும் சொன்னாள். பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டுவரை முத்திரை வேண்டும் என்று சட்டம் வந்ததும், எதிர்ப்புத் தாங்காமல் அதை வாபஸ் வாங்கினார்கள். வாங்கின கையோடு, உங்களுக்கு எந்தச் சட்டம் போடவும் எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் டீக்கும் வரி. "அந்த 1767 இருக்கே, அதே வருஷம்தான் நம்ம திருவண்ணாமலையில கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் ஹைதர் அலிக்கும் சண்டை நடந்தது. பின்னாடி அமெரிக்காவுக்கு டீயைக் கப்பல்ல ஏத்தி அனுப்பினதும் இதே கம்பெனிதான்," என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

பாஸ்டன் நகரத்துக்குப் பட்டாளம் வந்து இறங்கியதைச் சொன்னாள். ராணுவத்துக்கு இடம் கொடுக்க வேண்டும், விறகு, மெழுகுவத்தி, உப்பு, படுக்கை எல்லாம் கொடுக்க வேண்டும் என்று சட்டம். குடியிருக்கிற வீட்டுக்குள்ளேயே சிப்பாயைப் படுக்க வைத்தார்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் செலவு ஊர்க்காரர்களுடையது என்று திருத்தினாள். காவல் நிற்கிற சிப்பாய், சொந்தத் தெருவில் வீட்டுக்குப் போகிறவனை நிறுத்தி யார் நீ என்று கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்றாள். தீபத்துக்குத் தெருவை அடைத்துத் தடுப்பு போடுகிற ஊர்ப் பெண்கள் அவர்கள். அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆர்த்தி என்கிற பெண் மட்டும் கையைத் தூக்கினாள். "மேடம், கடைசியா வந்த டீ சட்டத்தால டீ விலை கம்மிதானே ஆச்சு? அப்புறம் எதுக்கு அந்த டீயைப் பாஸ்டன்ல கடல்ல கொட்டினாங்க? எங்க வீட்ல நான் அப்படிக் கொட்டினா எங்க அம்மா தோலை உரிச்சிடுவாங்க."

வகுப்பே சிரித்தது. ஹைமவதி புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. "விலை கம்மியா இருக்கேன்னு வாங்கிக் குடிச்சுட்டா, எங்களைக் கேக்காம நீங்க என்ன வேணா பண்ணலாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும். அவங்களுக்குக் கசந்தது டீ இல்லை, ஆர்த்தி. யாரோ ஒருத்தர் எங்கேயோ உக்காந்துகிட்டு, இவங்களை ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணது."

சொல்லி முடித்ததும் மணி அடித்தது. ஹைமவதி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்பை விட்டு வெளியே வந்தாள். இத்தனை வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறாள். இன்றைக்குத்தான் அது அவளுக்கே நடத்தப்பட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் கூடத்தில் சோமசேகரன் அட்டை நறுக்கிக்கொண்டிருந்தார். ஹைமவதி எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வருஷம் யார் யாருக்குப் பாஸ் என்று முடிவு பண்ணும்போது தன்னையும் அத்தையையும் கூப்பிட வேண்டும் என்று நிதானமாகக் கேட்டாள்.

அவருக்கு விஷயம் பிடிபடவில்லை. "உனக்கு யாருக்காவது வேணுமா?" என்றார்.

அப்பா வர ஆசைப்படுகிறார் என்றாள். உடனே அவர் முகம் மலர்ந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். சம்பந்தி கோயிலை விட்டு வரமாட்டார் என்று தானாகவே நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கேட்காமலே இருந்துவிட்டார், அவ்வளவுதான். கத்தரிக்கோலை வைத்துவிட்டு டப் டப் என்று ஆறு அட்டையில் முத்திரை குத்தினார். பச்சை மையில் கையெழுத்தைப் போட்டு, விசிறிபோல் விரித்து அவள் கையில் வைத்தார். "உங்க அப்பா, அம்மா, உன் தம்பி, இன்னும் யார் வேணா வரட்டும். போதுமா? இல்லை, இன்னும் ரெண்டு வேணுமா?"

மஞ்சள் அட்டைகள் கையில் இருந்தன. மை இன்னும் காயவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய் அப்பாவுக்குப் போன் செய்திருக்கலாம். அவர் குரல் எப்படி மாறும் என்றுகூட அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் அந்தக் குரலை மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள். பிறகு அட்டைகளை அடுக்கி மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

"வேணாம் மாமா."

"ஏன்? கம்மியா இருக்கா?"

"இல்லை மாமா, ரொம்ப மலிவாக் கிடைக்குது." அவள் குரல் உயரவில்லை. "இத்தனை பேர் வராங்க. சமைக்கறது நாங்க, இடம் விட்டுட்டு மூட்டைக்கு நடுவுல படுக்கறது நாங்க. யார் வந்திருக்காங்கன்னு வாசல்ல கிடக்கற செருப்பைப் பாத்துதான் எங்களுக்குத் தெரியுது. எங்களையும் கேட்டுட்டுக் கூப்பிடுங்க, எத்தனை பேர் வந்தாலும் சந்தோஷமா சமைப்பேன். கேக்காம கூப்பிடறவங்களுக்கு நீங்களே சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிக்கங்க."

சோமசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடுத்ததைத் திருப்பி வைப்பது என்ன பழக்கம் என்று கேட்டார். இது தன் வீடு என்றும், தான் கட்டின மாடி என்றும், தீபத்துக்கு நாலு பேர் வருவது கௌரவம் என்றும் சொன்னார். ஹைமவதி எல்லாவற்றுக்கும் ஆமாம் மாமா என்றாள். அட்டைகளை மட்டும் எடுக்கவில்லை.

வேலை முடிந்து வந்த அருணேஷுக்கு விஷயம் வாசலிலேயே தெரிந்துவிட்டது. அப்பா டி.வி.யை அத்தனை சத்தமாக வைத்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஹைமவதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் காலேஜ் பாடத்திலிருந்து கூடம்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றாள்.

அவன் யோசித்தான். "நான் பிரான்ஸ். ஆரம்பத்துல வேடிக்கை பாப்பேன். நீ ஜெயிப்பேன்னு தெரிஞ்சதும் உனக்குக் கப்பல் அனுப்புவேன்."

அவள் அவன் தோளில் ஒரு குத்து வைத்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டான். "உன் அப்பாவுக்கு இந்த ஒரு வருஷம்தானே ஹைமா. அந்தப் பாஸை வாங்கியிருக்கலாமே. வீம்புல அவர் வராம போயிட்டா?"

அந்தக் கேள்வியை அவளும் தனக்குள் கேட்டிருந்தாள். "வருவார். பாஸ் காட்டிட்டு இல்லை, அழைப்பு வாங்கிட்டு வருவார். மாமா கூப்பிடுவார் பாருங்க."

"அப்பாவா? அவ்ளோ நம்பிக்கையா?"

"உங்க அப்பாவைப் பத்தி உங்களைவிட எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி," என்றாள்.

மறுநாள் காலை சமையலறையில் பாகம்பிரியாள் காப்பியை ஆற்றிக்கொண்டே, யாரிடமோ கேட்பது மாதிரி கேட்டாள். "அந்த அமெரிக்காவுல பொம்பளைங்க என்ன பண்ணாங்க?"

அத்தை மாடிப்படிக்குப் பக்கத்து ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று ஹைமவதிக்குப் புரிந்தது. இங்கிலாந்துத் துணியை வாங்காமல் ஊர்ப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து நூல் நூற்றதையும், டீக்குப் பதிலாக ஏதேதோ இலையைக் கொதிக்க வைத்துக் குடித்ததையும் சொன்னாள்.

"நல்லாவா இருந்திருக்கும் அது?"

"கண்றாவியாத்தான் இருந்திருக்கும் அத்தை. ஆனா குடிச்சாங்க."

பாகம்பிரியாள் தலையை அண்ணாந்து பரணைப் பார்த்தாள். அண்டாக்கள் கவிழ்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் அதிரசத்துக்கு மாவு இடித்தாகியிருக்கும். "என் அக்கா ரேணுகாம்பாளை ஒரு தடவைகூட உங்க மாமா கூப்பிட்டதில்லை, தெரியுமா? எங்க கல்யாணத்துல அவ புருஷன் இவரைப் பாத்து ஏதோ சிரிச்சுட்டாராம். அந்த மனுஷர் போய்ச் சேந்தே வருஷக்கணக்காச்சு. அவளும் போளூர்லேர்ந்து போன்ல தீபம் பாக்கறா." காப்பி டம்ளரைத் தட்டில் வைத்தாள். "அந்த அண்டாங்க மேலேயே இருக்கட்டும்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை. வேளாவேளைக்குச் சோமசேகரனுக்குக் காப்பி வந்தது, சாப்பாடு வந்தது, மாத்திரை வந்தது. பரணிலிருந்து மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. அவர் தினமும் சமையலறை வாசல்வரை வந்து மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். தெரிந்த சமையல்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். தீபத்துக்கு அன்னதானம் இல்லாத மடம் இந்த ஊரில் உண்டா? எல்லோரையும் மடங்கள் எப்போதோ பேசி வைத்துவிட்டிருந்தன. அதற்குள் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்ட பாஸ்களைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. அவர் முடிவு பண்ணிய வழியெல்லாம் பரணுக்கு அடியிலேயே வந்து நின்றது.

இதற்கு நடுவில் அவருக்கு வெளியிலும் ஒரு சண்டை இருந்தது. தீபத்துக்கு முன்பே தெருவை அடைத்து, வீட்டுக்கு இரண்டு பாஸ் மட்டும்தான் என்று அந்த வருஷம் அதிகாரிகள் புதிதாக அறிவித்திருந்தார்கள். பாஸ் இல்லாதவர்கள் சொந்த வீட்டுக்கே சுற்றிக்கொண்டு வர வேண்டும். தெருக்காரர்கள் சார்பில் மனு கொடுக்க வேங்கிக்காலில் இருக்கிற அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அருணேஷ் வேலைக்குப் போய்விட்டான். ஹைமவதிக்கு அன்று விடுமுறை.

"ஏறுங்க மாமா," என்று ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

பின்னால் உட்கார்ந்து வந்த சோமசேகரன், மருமகளோடு மனஸ்தாபம் என்பதையே மறந்துவிட்டார். பேசப்போவதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். "நான் பொறந்த தெரு. என்னை நிறுத்தி எங்க போறீங்கன்னு கேக்கறான். என் பேரை விட்டுட்டு அட்டையைப் பாக்கறான்."

பாஸ்டனிலும் அப்படித்தான் நடந்தது என்று அவள் சொன்னாள். காவல்காரச் சிப்பாய், நிறுத்தப்பட்ட ஊர்க்காரர்கள், ஊர் முழுக்க மண்டிய எரிச்சல், எல்லாவற்றையும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

"அப்பவே இந்த அநியாயம் இருந்திருக்கு பாரேன்," என்றார் அவர். "சும்மாவா விட்டாங்க?"

"விடலை மாமா. சாமான் வாங்க மாட்டோம்னாங்க. டீயைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டினாங்க."

"சபாஷ்," என்று அவள் தோளைத் தட்டினார் சோமசேகரன். ஹைமவதி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். துளிச் சந்தேகம்கூட அதில் இல்லை. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினாள்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்காரச் சொன்னார். மனுவைப் பொறுமையாகப் படித்தார். கூட்ட நெரிசலில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் இந்த ஏற்பாடு என்றார். அது நியாயமான பேச்சுதான். பிறகு பெரியவரைச் சும்மா அனுப்ப மனசில்லாமல், "உங்க வீட்டுக்கு ரெண்டு போதாதுன்னா ஆறா வாங்கிக்கங்க சார். இப்பவே சீல் போட்டுத் தரச் சொல்றேன்," என்றார். பக்கத்து மேஜையில் இருந்தவர் டிராயரைத் திறந்து ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்தார்.

சோமசேகரனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் ஒத்திகை பார்த்திருந்ததால் குரல் பதறாமல் வந்தது.

"பாஸ் வேணாம் சார். ஆறு குடுத்தாலும் அறுபது குடுத்தாலும் அது நீங்களாப் பாத்துக் குடுத்ததுதான். நாளைக்கு வேணாம்னு நினைச்சா எடுத்துடுவீங்க. தெருவை எங்க அடைக்கறது, எப்ப அடைக்கறதுன்னு நீங்க பேசறப்ப, அந்தத் தெருவுல இருக்கறவங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு உக்கார வைங்க. அதைத்தான் கேக்கறோம். எங்களைக் கேட்டுட்டு ஒரே ஒரு பாஸ் குடுங்க, சந்தோஷமா வாங்கிக்கறோம்."

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சோமசேகரன் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் கையில் அந்தரத்தில் நின்ற ஸ்டாம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தார்.

ஹைமவதி சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அதிகாரி புத்திசாலி. வெள்ளிக்கிழமை நடக்கப்போகிற ஆலோசனைக்குத் தெருக்காரர்களில் இரண்டு பேர் வரலாம் என்றும், தடுப்பை நாலு வீடு தள்ளிப் போட்டால் சிக்கல் தீருமா என்று அங்கேயே பேசலாம் என்றும் சொன்னார். சோமசேகரன் நன்றி சொன்னார். ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரி நடக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒத்திகை எதுவும் இல்லை. ஒரு டீக்கடை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். காப்பியைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காத மனுஷர் இரண்டு டீ சொன்னார். கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி கேட்டார். "அந்த டீ... கடல்ல கொட்டினாங்களே. அப்போ விலை ஏறி இருந்துதா, இறங்கி இருந்துதா?"

"இறங்கி இருந்தது மாமா."

"ம்," என்றார். ஒரு வாய் குடித்தார். "அன்னைக்கு உன்கிட்ட அந்த ஆறு பாஸை நான் பெருமையா நீட்டினேன் இல்ல?"

"ரொம்பப் பெருமையா நீட்டினீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ மேலே சிந்தியது. துண்டால் துடைத்துக்கொண்டே, வீட்டில் பாஸ் பற்றிப் பேசுகிற கூட்டம் எப்போது, எங்கே என்று கேட்டார். சாயங்காலம், சமையலறையில் என்றாள் ஹைமவதி.

பாகம்பிரியாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தலைமை தாங்கினாள். சோமசேகரன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அருணேஷ் வந்ததும் வராததுமாக, பிரான்ஸ் ஆஜர் என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து தேங்காய்த் துண்டைக் கடித்தான். முன்பே பாஸ் போனவர்கள் பேரெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கூட வேலை பார்த்தவர் வரட்டும், அவர் மனைவி எப்போதும் கூடமாட வேலை செய்வாள் என்று பாகம்பிரியாளே சொன்னாள். பல் டாக்டருக்குப் பதில் அவர் அம்மா மட்டும் வரலாம் என்று ஆயிற்று. காஞ்சிபுரத்துக்காரர்கள் சாப்பிட வரலாம், அறை கிடையாது என்று ஹைமவதி சொன்னபோது, அருணேஷ் மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். ரேணுகாம்பாள் பேர் வந்ததும் சோமசேகரன் வாயைத் திறந்தார். மற்ற மூன்று கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். தன் வீட்டில் தான் தோற்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஆச்சரியம் என்னவென்றால், கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

எல்லாம் முடிந்தபின் அவர் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒரு பேர் சொல்லலாமா?"

"சொல்லுங்க," என்றாள் பாகம்பிரியாள்.

"கீழ்பென்னாத்தூர் சம்பந்தி. நாளைக்குக் காலையில நானே நேர்ல போய்க் கூப்பிட்டுட்டு வரேன். ஸ்டாம்ப் வேணாம். சம்பந்திக்கு எதுக்குப் பாஸ்?" என்று ஹைமவதியைப் பார்த்தார். "உனக்குச் சம்மதமா?"

ஹைமவதி தலையை ஆட்டினாள். பீன்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு நறுக்க ஆரம்பித்தாள். அருணேஷ் ஸ்டூலை ஜன்னலோரம் போட்டு, பரணிலிருந்து முதல் அண்டாவை இறக்கினான். ரப்பர் ஸ்டாம்ப் அன்றிலிருந்து சமையலறை அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் குடியேறியது. பாஸ் வேண்டுமானால் இங்கே வந்துதான் குத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆலோசனையில் பேசி முடித்தபடி தெருத் தடுப்பு நாலு வீடு தள்ளியே நின்றது. தீபத்தன்று மாடியில் நிற்கவும் மூச்சுவிடவும் இடம் இருந்தது. ரேணுகாம்பாளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது சோமசேகரன்தான் என்பதைத் தெரு முழுக்கப் பார்த்தது. இராமலிங்கம் வெளுத்த வேட்டியும் மேல் துண்டுமாகக் கைப்பிடிச் சுவரோரம் நின்றார். அத்தனை பெரிய மலையை அத்தனை பக்கத்தில் பார்க்க அவர் நன்றாக அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது. ஊர் முழுக்க விளக்கு அணைந்திருந்தது. கோயிலுக்குள்ளிருந்து மணிச்சத்தம் எழும்பியது.

உச்சியில் தீ பிடித்ததும் அரோகரா என்கிற ஒரே குரல் தெருக்களிலிருந்து எழுந்து மாடிகளைத் தாண்டிப் போனது. அந்தக் கணத்தில் இராமலிங்கம், பழக்கதோஷத்தில், விளக்கேற்றத் திரும்பினார். இங்கே அவர் ஏற்ற வேண்டிய விளக்கு எதுவும் இல்லை. ஒரு வினாடி கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு மறுபடியும் மலைப் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை அப்படியே நின்றுவிட்டார். தீ வளர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சுற்றிலும் வீடு வீடாக அகல்கள் மினுங்கத் தொடங்கின. இவர்கள் மாடிச் சுவரில் வரிசையாக வைத்திருந்த அகல்கள் மட்டும் இன்னும் இருட்டில் இருந்தன. சோமசேகரன் தீப்பெட்டியோடு மருமகள் பக்கத்தில் வந்து நின்று தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏத்தலாமா?"

ஹைமவதி அப்பாவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க மாமா. அப்பா பாத்து முடிக்கட்டும்."

சோமசேகரன் தீப்பெட்டியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.